அம்மாவின் ஆறு தேதிகள்: நோயுற்ற பெற்றோரின் பெயரில் நிதி திரட்டி மாரத்தான் ஓடுவது எப்படி

என் அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று உறுதியான வாரத்தில், மருத்துவர் ஒரு தாளில் ஆறு தேதிகளை எழுதிக் கொடுத்தார். 21 நாட்களுக்கு ஒரு முறை வீதம் ஆறு முறை கீமோ. அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, உறக்கம் வராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்த இரவில் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. ஆறு மூன்று பதினெட்டு வாரங்கள். பத்துக் கிலோமீட்டர் நிற்காமல் ஓடப் பழகிய ஒருவர் முதல் முழு மாரத்தானுக்குத் தயாராவதற்குப் பயிற்றுநர்கள் சொல்லும் காலமும் ஏறத்தாழ அதுவேதான். சிகிச்சை செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கவிருந்தது. சென்னை மாரத்தான் ஜனவரியில் வரும். அம்மாவின் பெயரில் ஓடி, அவரைப் போன்ற நோயாளிகளுக்காக நிதி திரட்டுவது என்று அன்றிரவு முடிவு செய்தேன்.

அதே எண்ணத்தோடு என்னிடம் வழி கேட்டவர்கள் பலர். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மருத்துவமனைத் தேதிகளை முன்னால் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இடையில் கிடைக்கும் நாட்களில் மட்டும் ஓட்டத்தைப் பொருத்த வேண்டும் என்பதையே. பயிற்சி அட்டவணையை முதலில் போட்டுவிட்டு, அதற்கு இடைஞ்சலாக வரும் நாட்களில் தம்பியையோ அக்காவையோ மருத்துவமனைக்கு அனுப்பத் தொடங்கினால், யாருக்காக ஓடுகிறோமோ அவருடன் இருக்கும் நேரமே குறைந்துபோகும். கீழே எழுதியிருப்பவை எல்லாம் அந்த ஒரு கவனத்திலிருந்து பிறந்தவை.

முதலில் அவருடைய சம்மதம்

நம் வீடுகளில் நோயின் பெயரை நோயாளியிடமே சொல்லாமல் வைத்திருப்பது இன்றும் வழக்கம். வயிற்றில் புண், கட்டி என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளும் மருத்துவரும் மட்டும் உண்மையை அறிந்திருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், நிதி கேட்கும் செய்தியை ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். தூரத்து உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு தொலைபேசியில் அழைத்து, "கேன்சராமே, தைரியமா இருங்க" என்று சொன்னால் போதும். ஒரு தாய் தன் நோயை அப்படித் தெரிந்துகொள்ளக் கூடாது. அவரிடம் உண்மையைச் சொல்லும் நிலை வீட்டில் வந்த பிறகே இந்த முயற்சி தொடங்க வேண்டும். அது இப்போதைக்கு வராது என்றால், நோயையோ அவரையோ குறிப்பிடாமல் அமைப்புக்காக மட்டும் நிதி கேட்டு ஓடலாம். அவருக்கான காரணத்தை உங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நோயை அறிந்தவர் என்றாலும் மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பெயரைச் சொல்லலாமா, நோயைச் சொல்லலாமா, படத்தைப் போடலாமா. என் அம்மா முதல் இரண்டுக்கும் சம்மதித்தார். மூன்றாவதற்கு, முடி உதிர்ந்த பிறகு எடுத்த படம் எதுவும் வேண்டாம் என்றார். கல்யாணத்துக்கு முந்தைய, இரட்டைச் சடை போட்ட ஒரு படத்தைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். ஓடுவதைப் பற்றி அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "வெயில்ல கிடந்து சாகாத, விடியறதுக்குள்ள ஓடிட்டு வந்துரு."

இதே நாட்களில் உங்கள் உடலையும் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாற்பதைக் கடந்தவர்களுக்கும், சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இது கட்டாயம். பெற்றோரின் நோய் இதயத் தசை தடிப்பது, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாவது போன்ற பரம்பரை நோயாக இருந்தால், நீங்கள் எத்தனை இளையவராக இருந்தாலும் சோதித்துக்கொண்ட பிறகே ஓடத் தொடங்க வேண்டும். சினைப்பைப் புற்றுநோயும் சில குடும்பங்களில் மரபணு மாற்றத்தால் வருவது என்பதால், மகள்கள் அதைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கேட்பது

சென்னையில் புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணமே ஓர் உறவின் துயரத்திலிருந்துதான் பிறந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல்லாண்டு முயற்சிக்குப் பின் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். அப்படிப்பட்ட பெரிய நிறுவனத்துக்கும் கொடுக்கலாம், பெயர் அதிகம் தெரியாத சிறிய அறக்கட்டளைக்கும் கொடுக்கலாம். எதுவாக இருந்தாலும், உங்கள் பெற்றோரின் நோய்க்காலத்தில் நீங்கள் கண்ணால் கண்ட ஒரு தேவையோடு அது தொடர்புடையதாக இருக்கட்டும்.

நான் கண்டது இது. அம்மாவுக்கு முதல் கீமோ ஏறிக்கொண்டிருந்தபோது, அடுத்த நாற்காலியில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். மாலை ஐந்து மணிக்கு டிரிப்ஸ் முடிந்ததும், கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே, கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். துணைக்கு வந்த கணவரின் பையில் ஒரு பாயும் தலையணையும் இருந்தன. இடம் கிடைக்காத இரவுகளில் மருத்துவமனை வாசலிலேயே படுத்துக்கொள்வார்களாம். அதனால் வெளியூர் நோயாளிகளுக்கும் துணைக்கு வருபவர்களுக்கும் தங்குமிடமும் சாப்பாடும் தரும் ஓர் அறக்கட்டளையைத் தேர்ந்தேன். நிதி கேட்டபோது இந்தப் பாயையும் தலையணையையும்தான் எழுதினேன். புற்றுநோய் விழிப்புணர்வு என்று பொதுவாக எழுதியிருந்தால் அந்தப் பணத்தில் பாதிகூடச் சேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சில ஓட்டங்களில் நிதி திரட்டும் ஏற்பாடு முன்பே இருக்கும். 2004 முதல் நடந்துவரும் மும்பை மாரத்தானில் தொண்டு நிறுவனங்கள் வழியாகவே இடம் பெற்று ஓடும் முறை உண்டு. குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தர ஒப்புக்கொள்பவர்களுக்கு அந்த இடம் கிடைக்கும். அப்படி எதுவும் இல்லாத ஓட்டம் என்றால், நுழைவுக் கட்டணத்தை நீங்களே கட்டிப் பதிவு செய்துகொண்டு, தேர்ந்த அமைப்பிடம் எழுத்தில் அனுமதி பெற்று நிதி திரட்டலாம். நுழைவுக் கட்டணம் நன்கொடை ஆகாது என்பதைக் கேட்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பணத்தில் மிகக் கண்டிப்பாக இருங்கள். ஒரு ரூபாயும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரக் கூடாது. அமைப்பின் கணக்கு எண்ணையோ கியூஆர் குறியீட்டையோ மட்டும் அனுப்புங்கள். வீட்டில் மருத்துவச் செலவு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு பணமும் ஒரே கணக்கில் கலந்தால், கணக்கு சரியாகவே இருந்தாலும் சந்தேகம் முளைக்கும். உங்கள் குடும்பத்துக்கே சிகிச்சைக்கு உதவி தேவைப்பட்டால் அதைத் தயங்காமல் நேரடியாகக் கேளுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அது வேறு வேண்டுகோள், அதற்கு வேறு கடிதம் எழுத வேண்டும்.

கொடுப்பவர்கள் வரிச் சலுகையைப் பற்றிக் கேட்பார்கள். 80ஜி என்று நெடுங்காலமாக அறியப்படும் சலுகைக்கு அமைப்பு பதிவு பெற்றிருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே அது பயன்படும். ரசீதுக்காகப் பான் எண்ணையும் முகவரியையும் அமைப்பிடம் கொடுக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு உறவினர்கள் விஷயத்தில் இன்னொரு கவனம் தேவை. சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் அத்தான் கொடுப்பது உள்நாட்டு நன்கொடையே. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா கொடுப்பதோ சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற, வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கீழ் அமைப்புக்குப் பதிவு இருக்க வேண்டும், அதற்கென டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்கே அந்தப் பணம் போக வேண்டும். பதிவில்லாத சிறிய அமைப்புக்குச் சித்தப்பாவின் பணத்தை அனுப்பிவைத்தால், உதவ நினைத்த அமைப்பையே சிக்கலில் மாட்டிவிடுவீர்கள்.

கேட்கும் செய்தி ஒரு மூச்சில் படித்துவிடக் கூடியதாக இருக்கட்டும். 1980இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டச் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடிய டெர்ரி ஃபாக்ஸ், நாட்டில் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்தால் போதும் என்று கேட்டார். குழந்தைக்கும் புரியும் வேண்டுகோள் அது. நான் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் முதல் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்று எழுதினேன். 42 ரூபாய் கொடுத்தவர்களும் இருந்தார்கள், 42,000 கொடுத்தவர் ஒருவரும் இருந்தார். முதல் தொகையை நீங்களே போட்டுவிட்டுக் கேளுங்கள். குழுக்களில் பொதுவாகப் போடும் செய்திக்குப் பதில் வருவது குறைவு. பெயர் சொல்லி, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவதே பலன் தரும். இரண்டாம் முறை நினைவூட்டலாம், மூன்றாம் முறை வேண்டாம்.

இன்னொன்றையும் செய்யுங்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போல ஒரு நோட்டுப் போட்டு, பெயர், ஊர், தொகை என்று வரிசையாக எழுதி வாருங்கள். நான் அதை என் வசதிக்காகத்தான் தொடங்கினேன். மூன்றாவது கீமோவின்போது அம்மா அதைக் கேட்டு வாங்கினார். ஊசி ஏறாத கையில் நோட்டை வைத்துக்கொண்டு, கூடப் படித்தவர்கள், பழைய பக்கத்துவீட்டுக்காரர்கள், பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு பெரியத்தை கொடுத்த 501 ரூபாய் என்று ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். அன்று அந்த நான்கு மணி நேரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

21 நாள் சுற்றில் பயிற்சி

மாரத்தான் பயிற்சியில் இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் கூட்டியபின் ஒரு வாரம் குறைத்து, உடலைத் தேறவிடுவார்கள். அந்தக் குறைக்கும் வாரத்தைக் கீமோ வாரத்தில் வைத்துவிடுங்கள். மருந்து ஏறிய பிறகு வரும் மூன்று நான்கு நாட்களில்தான் குமட்டலும் அசதியும் உடல்வலியும் அதிகம். அப்போது வீட்டில் ஆள் வேண்டும். அந்த வாரத்தில் அரை மணி நேர ஓட்டம் இரண்டு முறை கிடைத்தால் போதும், கிடைக்காவிட்டாலும் நட்டமில்லை.

இரண்டாம் வாரத்தில் ஓட்டத்தைக் கூட்டலாம், ஆனால் வீட்டை விட்டு வெகுதூரம் போக வேண்டாம். கீமோவுக்குப் பின் ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் குறைந்து, தொற்று எளிதில் பற்றும் காலம். நோயாளிக்கு 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதால், நான் அந்த வாரங்களில் வீட்டைச் சுற்றியே இரண்டு கிலோமீட்டர் வட்டமாக ஓடினேன். எங்கே இருந்தாலும் பத்து நிமிடத்துக்குள் வாசலுக்கு வந்துவிடலாம். இருமலும் சளியும் உள்ளவர்களோடு சேர்ந்து ஓடாதீர்கள். உங்களுக்கே தொண்டை கரகரத்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள். அந்த வாரப் பயிற்சியையும் விட்டுவிடுங்கள். மூன்றாம் வாரம் அவர் ஓரளவு தெளிந்து, தாமே எழுந்து சமையலறைக்கு வரும் காலம். நீண்ட ஓட்டத்தை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைச் சொல்கிறேன். முதல் சுற்றின் இரண்டாம், மூன்றாம் வார நீண்ட ஓட்டங்கள் 12, 14 கிலோமீட்டர். அடுத்த சுற்றில் 16, 18. மூன்றாவதில் 20, 22. நான்காவதில் 24, 28. ஐந்தாவதில் 25, 32. ஆறாவது சுற்று முழுவதும் குறைப்புக் காலம்: கீமோ வாரத்தில் வீட்டு நிலை இடம் தந்தால் 18, அடுத்த வாரம் 12, பிறகு மாரத்தான். வாரத்தில் இதைத் தவிர இரண்டு அல்லது மூன்று சிறிய ஓட்டங்கள் போதும். வேகம் என்று ஒன்றைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரி. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு உறக்கம் குறைவு என்பதால், முந்தைய இரவு ஐந்து மணி நேரமாவது தூங்காவிட்டால் நீண்ட ஓட்டத்தை மறுநாளைக்குத் தள்ளுங்கள் என்பது என் உறுதியான அறிவுரை. தூக்கமில்லாத உடலோடு 28 கிலோமீட்டர் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டால், அடுத்த வாரம் அம்மாவைக் கைத்தாங்கலாகப் படியேற்ற முடியாது.

சென்னையில் இந்தப் பதினெட்டு வாரங்களில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலம். தேங்கிய நீரில் இறங்கி ஓடாதீர்கள்; பள்ளமும் தெரியாது, காலில் கொப்புளம் வெடித்திருந்தால் எலிக்காய்ச்சலும் வரலாம், அந்த நோயோடு கீமோ நடக்கும் வீட்டுக்குள் இருப்பது பெரும் சங்கடம். அடைமழை நாட்களில் அடுக்குமாடிப் படிக்கட்டில் அரை மணி நேரம் ஏறி இறங்கினாலே போதும். மழை விட்ட ஞாயிறுகளில் மெரினா காமராசர் சாலையும் பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையும் விடிகாலையில் நல்ல தளம்.

சாப்பாட்டுக்குப் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. ஓடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், அதற்குப் பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் போதும். சென்னைப் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும். ஒரு லிட்டர் நீரில் ஒரு ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கரைத்து, தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். நீண்ட ஓட்டத்தின்போது ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைப் போடாதீர்கள். நீர் வற்றிய உடலில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

தேதி தள்ளிப்போனால்

தள்ளிப்போகும். எங்களுக்கு நான்காவது கீமோ, ரத்த அணுக்கள் போதாததால் ஒரு வாரம் தள்ளிப்போனது. அப்போது அட்டவணையும் ஒரு வாரம் நகரட்டும், விட்டதைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஐந்தாம் சுற்றுவரை வந்தும் 28 கிலோமீட்டரை எட்டவில்லை என்றால், 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்கு மாற முடியுமா என்று ஓட்ட அமைப்பாளர்களிடம் கேளுங்கள். கொடுத்தவர்கள் யாரும் மீதித் தூரத்துக்குக் கணக்குக் கேட்கப் போவதில்லை.

அவரது நிலை மோசமானால் நின்றுவிடுங்கள். டெர்ரி ஃபாக்ஸ் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு, நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோயால் பாதிவழியில் நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே இறந்தும் போனார். அவர் பெயரில் இன்றும் உலகெங்கும் ஓடுகிறார்கள். பணம் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதன் பயன் நிற்காது. கொடுத்தவர்களுக்கு இரண்டு வரியில், "அம்மாவின் அருகில் இருக்க வேண்டியிருப்பதால் இந்த முறை ஓடவில்லை" என்று எழுதினால் போதும். ஓட்டத்துக்கு முன்பே பெற்றோர் இறந்துவிட நேர்ந்தால், ஓடுவதா வேண்டாமா என்பதைக் காரியம் முடியும்வரை முடிவு செய்யாதீர்கள். உறவினர் யாருடைய வற்புறுத்தலும் அதில் வேண்டாம்.

ஓடும் நாள்

முழு மாரத்தான் நேப்பியர் பாலத்தருகே விடியலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடும் என்பதால், முந்தைய இரவே வீட்டில் யார் தங்குவது, காலை மாத்திரைகளை யார் கொடுப்பது என்று எழுதி வைத்துவிடுங்கள். எந்த அழைப்பு வந்தால் ஓட்டத்தை நிறுத்துவது என்பதையும் அவரோடு பேசி வையுங்கள். எங்கள் வீட்டில் அக்காவின் எண்ணுக்கு மட்டும் மணி ஒலிக்கும்படி வைத்திருந்தேன். காய்ச்சல், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகிய மூன்றுக்கு மட்டும் அழைப்பது என்று ஒப்பந்தம். மணி ஒலிக்காதவரை எல்லாம் நலம் என்று நம்பி ஓட முடிந்தது.

நோயாளியைத் தொடக்க இடத்துக்கோ முடிவிடத்துக்கோ கூட்டி வராதீர்கள். கூட்டமும் வெயிலும் அவருக்கு ஆகாது. ஓட்டப் பாதை வீட்டுக்கு அருகில் போனால், காருக்குள் அமர்ந்தபடி ஓர் ஓரத்தில் பார்க்கலாம். இல்லையென்றால் வீடியோ அழைப்புப் போதும்.

புதிய ஷூ, புதிய உடை எதுவும் அன்று வேண்டாம். உரசும் இடங்களில் வாசலைன் தடவுங்கள். முதல் பத்துக் கிலோமீட்டரை நினைத்ததைவிட மெதுவாக ஓடுங்கள். உடலில் சேர்ந்திருந்த மாவுச்சத்து முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் தீரத் தொடங்கும். கால் கல்லாகும், காரணமில்லாமல் அழுகையும் வரும். அங்கே நடப்பதில் ஒரு தவறும் இல்லை. அந்த இடத்துக்கென்று நான் மொய் நோட்டின் கடைசி இரண்டு பக்கங்களைக் கிழிக்காமல் படமெடுத்து, சின்னதாக அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஒரு பெயருக்கு நூறு அடி என்று நடந்தும் ஓடியும் முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போங்கள். கூட்டத்திலிருந்து வந்த உடம்போடு கட்டிப்பிடிக்க வேண்டாம். ஓடிய பின் சில நாட்களுக்குச் சளி பிடிப்பது பலருக்கு உண்டு, அறிகுறி தெரிந்தால் முன்போலவே விலகியிருங்கள்.

ஒரு வாரத்துக்குள் திரண்ட மொத்தத் தொகையை அமைப்பிடம் எழுத்தில் வாங்கி, நோட்டோடு ஒப்பிட்டு, கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். வரிக்கான நன்கொடைச் சான்றிதழ், நிதியாண்டு முடிந்த பின் மே மாத இறுதிக்குள் அமைப்பிடமிருந்து வர வேண்டும். வராதவர்களுக்காக நீங்களே கேட்டு வாங்கிக் கொடுங்கள். எங்கள் நோட்டில் சான்றிதழ் போய்ச் சேர்ந்த பெயர்களுக்கு எதிரே அம்மாதான் பென்சிலால் டிக் அடித்தார். வாட்ஸ்அப் இல்லாத இரண்டு பேருக்கு அஞ்சலட்டையில் நன்றி எழுதினார். அவர்களில் ஒருவர் அந்தப் பெரியத்தை.